வாஷ் ஏன் சாக வேண்டும்?

2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபயர்ஃபிளை' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. எடுத்தது 14 பகுதிகள், ஒளிபரப்பானது 11தான். அதுவும் வரிசை மாறி! பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் பகுதியைக் கடைசியில் போட்டால் பார்ப்பவருக்கு என்ன புரியும்? டிசம்பரிலேயே தொடரை நிறுத்திவிட்டார்கள்.

ரசிகர்கள் விடவில்லை. கதையில் போரில் தோற்ற அணியின் பெயரான 'பிரவுன்கோட்ஸ்' என்பதையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள். டிவிடி நன்றாக விற்றது. யுனிவர்சல் நிறுவனம் முன்வர, 2005இல் 'செரினிட்டி' என்ற படமாகக் கதை தொடர்ந்தது. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே நடந்த சிறப்புக் காட்சிகளுக்கு ரசிகர்கள் திரண்டு வந்தார்கள்.

வந்தவர்களுக்குப் படம் அதிர்ச்சி வைத்திருந்தது. எல்லோரையும் சிரிக்க வைக்கும் விமானி வாஷ், நொறுங்கிக்கொண்டிருந்த விண்கலத்தை எப்படியோ தரையிறக்குகிறான். அடுத்த நொடியே செத்துப்போகிறான். இயக்குநர் ஜாஸ் வீடன் மீது பலருக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் இனி யாரும் தப்பமாட்டார்களோ என்ற பயம் வந்தது என்பார்கள் வேறு சிலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

படத்தின் செலவு சுமார் 4 கோடி டாலர். உலக வசூலும் ஏறக்குறைய அவ்வளவே. அடுத்த பாகம் வரவில்லை. ஆனாலும் ரசிகர்கள் பல ஊர்களில் அதே படத்தைத் திரையிட்டு, பெண்ணுரிமை அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டினார்கள். 2007இல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற நாசா விண்வெளி வீரர் இந்தத் தொடரையும் படத்தையும் டிவிடியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். அவரும் ஒரு பிரவுன்கோட்தான்.