ஒரு ஃபைலை மாத்தினா ரெண்டு கார்டும் ஓடுமாம்!

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மதர்போர்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும். இரண்டு கார்டைச் செருகினாலும், இரண்டும் சேர்ந்து ஓடும் எஸ்எல்ஐ வசதி மட்டும் வராது. "ஒரு ஃபைலை மாத்திப் போட்டா ஓடும்ணே" என்பார் யாராவது. முகத்துவாரக்குப்பத்துப் பையன்களும், காசு கொடுக்கும் அப்பாக்களும் தலையாட்டும் முன் கொஞ்சம் கேளுங்கள்.

அவர் சொல்வது பொய்யில்லை. என்விடியா 2004-இல் கொண்டுவந்த எஸ்எல்ஐ, இரண்டு கார்டுகளை ஒரே கேமுக்கு உழைக்க வைக்கும். பல போர்டுகளில் அதைத் தடுத்தது வெறும் உரிமம்தான். பணம் கட்டிய கம்பெனியின் பயாஸில் ஒரு அடையாளம் இருக்கும். அது இல்லையென்றால் டிரைவர் மறுத்துவிடும். திருத்திய டிரைவர் ஃபைல் அந்தச் சோதனையைத் தாண்டுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளை இப்படிப் பூட்டியது அநியாயம்தான்.

ஆனால் டிரைவர் ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. அதனால் இந்தக் காவலைத் தளர்த்த, செக்யூர் பூட்டை அணைத்து, டெஸ்ட் மோட் போட்டுவிடுவார்கள். பிறகு யாரோ எழுதிய டிரைவரும் உள்ளே வர வழி உண்டு; உள்ளே வந்தது ஆன்டிவைரஸையே முடக்கலாம். அதே கம்ப்யூட்டரில்தான் வீட்டின் நெட் பேங்கிங்கும் நடக்கிறது. ஏமாற்றுத் தடுப்பு உள்ள பல கேம்கள் டெஸ்ட் மோடில் திறக்கவே திறக்காது. கேமுக்காகச் செய்த வேலை இது!

லாபமும் சொற்பம். 2021 ஜனவரி முதல் கேம்களுக்கான புதிய எஸ்எல்ஐ அமைப்புகள் (புரொஃபைல்கள்) சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. பிளெண்டரில் ரெண்டர் செய்ய எஸ்எல்ஐ தேவையே இல்லை, இரண்டு கார்டும் தனித்தனியாக உழைக்கும். பவர் சப்ளை தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கியதா? திரையின் வலது கீழ்மூலையில் 'டெஸ்ட் மோட்' என்று மங்கலாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், ஃபோட்டோக்களைப் பத்திரப்படுத்திவிட்டு, திருத்திய டிரைவரை நீக்கி அசல் டிரைவரைப் போடுங்கள். டெஸ்ட் மோடை அணைத்து, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

சொல்லாமல் செய்து விற்ற கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். தீரவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பில்லையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களையும் அதுவரை அழிக்காதீர்கள்.