விலைப்பட்டியலின் கடைசி வரி

கேமிங் கணினி வாங்க விரும்பும் வாடிக்கையாளர்கள், கடைக்காரர் எழுதித் தந்த விலைப்பட்டியலை இணைத்துத் தனிநபர் கடன் கோருவதை நாம் கிளைகளில் அடிக்கடி காண்கிறோம். அப்பட்டியல்களில் பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் ஆகியவை தயாரிப்பாளர் பெயரோடும் மாடல் எண்ணோடும் விரிவாக இருக்கும். கீழே, கேபினட்டுக்குப் பக்கத்தில், "எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்" என்று பெயரற்ற வரி ஒன்று நிற்கும். டில்லி நேரு பிளேஸ் ஆகட்டும், மும்பை லாமிங்டன் சாலை ஆகட்டும், சென்னை ரிச்சி தெரு ஆகட்டும், மொத்தத் தொகையைக் குறைக்க வேண்டுமெனில் பெரும்பாலும் அந்த வரியில்தான் முதலில் கை வைக்கப்படுகிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பணி. கணினியின் எல்லா உறுப்புகளும் அதன் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. தரமற்ற ஒன்று பழுதாகும்போது மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தே கெடுத்துவிடக்கூடும். எரிந்துபோன உறுப்புக்கு உத்தரவாதம் கிடைப்பதும் அரிது. கணினி நின்றுவிட்டது என்பதற்காக மாதத் தவணை நிற்பதில்லை.

முதலில் எத்தனை வாட் தேவை என்பதைப் பார்ப்போம். இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர் உச்சநிலையில் 117 வாட் எடுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கிராஃபிக்ஸ் கார்டு 115 வாட் எடுக்கும். மதர்போர்டு, ரேம், மின்விசிறிகள் முதலியவற்றுக்கு 60 வாட் வரை ஒதுக்கினாலும் மொத்தம் 300 வாட்டைத் தாண்டாது. ஆயினும் அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. விளையாட்டின் நடுவே கிராஃபிக்ஸ் கார்டு இமைப்பொழுதுக்குத் தன் அளவை மீறி மின்சாரம் இழுப்பதுண்டு. அதற்கான இடைவெளி இது. இத்தகைய கணினிக்கு 750 வாட் வாங்குமாறு கடைக்காரர் வற்புறுத்தினால், பின்னாளில் பெரிய கார்டு பொருத்தும் எண்ணம் இருந்தாலொழிய அது வீண்செலவு.

வாட் எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. ஆதலால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர் எண்ணை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். தரமான 550 வாட் சாதனத்தில் அது 45.8 ஆம்பியர் அளவில் இருக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 550 வாட் வரும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 450 என்றிருந்து, அட்டவணையில் 18 ஆம்பியர் மட்டுமே இருந்தால், கிடைப்பது 216 வாட். அந்த அட்டவணையே இல்லாத சாதனத்தை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

அடுத்து '80 பிளஸ்' முத்திரை. பிரான்ஸ், கோல்டு முதலான அதன் படிநிலைகள், எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் சேர்கிறது என்பதைக் குறிப்பவை. பாதிச் சுமையில், 115 வோல்ட் சோதனையின்படி, பிரான்ஸுக்கு 85 சதவீதமும் கோல்டுக்கு 90 சதவீதமும் தேவை. 300 வாட் சுமையில் நாள்தோறும் நான்கு மணி நேரம் விளையாடினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 29 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 230 ரூபாய்தான். இச்சேமிப்புக்காக மட்டும் கோல்டை நாட வேண்டியதில்லை.

இம்முத்திரை பாதுகாப்புச் சான்றும் அன்று. 2021ஆம் ஆண்டு கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் மாடல்கள் சோதனைகளில் வெடித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இரண்டும் கோல்டு முத்திரை பெற்றவையே. மிகைச்சுமையில் தானாக அணையும் வரம்பு அவற்றில் 120 முதல் 150 சதவீதமாக இருந்தது. நிறுவனம் அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, குறிப்பிட்ட வரிசை எண் கொண்டவற்றை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. மிகைமின்னழுத்தம், மிகைச்சுமை, குறுக்குச்சுற்று, மிகைவெப்பம் ஆகிய நான்குக்கும் பாதுகாப்பு உண்டா என்று மாடலின் விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதக் காலமும் ஒரு நல்ல அளவுகோல். தரமான எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு 5, 7, சிலவற்றுக்கு 10 ஆண்டுகள்கூட அளிக்கப்படுகின்றன. மூன்றாண்டுத் தவணையில் வாங்கும் கணினிக்கு ஓராண்டு உத்தரவாதம் உள்ளதைப் பொருத்துவது எவ்வகையிலும் பொருந்தாத கணக்கு. ஜி.எஸ்.டி. ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் இடம்பெறச் செய்யுங்கள். 'ஆர்' எனத் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவெண் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

மின்வெட்டு உள்ள ஊர்களில் யு.பி.எஸ்.ஸையும் இத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேற்சொன்ன கணினி மானிட்டருடன் முழு வேகத்தில் இயங்கும்போது அதைக் கடந்துவிடக்கூடும். எனவே 1,000 வி.ஏ. வகையைக் கேளுங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. கொண்ட இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் சில, சதுர அலை இன்வெர்ட்டருக்கு மாறியவுடன் அணைந்துவிடுவதுண்டு. ப்யூர் சைன் வேவ் வகையில் இத்தொல்லை எழுவதில்லை. மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை, கணினி வீட்டுக்கு வருமுன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொடும்போது கையில் மெல்லிய அதிர்வு உணரப்பட்டால் பெரும்பாலும் எர்த் இணைப்பில்தான் கோளாறு.