கம்பியில்லா இணைப்பும் கட்டளை வரியும்

எமது கல்லூரிக் கணினி அறையின் அலுமாரியில் நான்கு மடிக்கணினிகள் சில மாதங்களாகப் பூட்டிக் கிடந்தன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் அன்புடன் அனுப்பிவைத்த எட்டில் அவை பாதி. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளிக்கப்பட்டுவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றமையாலும், அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அப்பழைய யந்திரங்களுக்கு இன்மையாலும், அனுப்பியோர் அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியே அனுப்பியிருந்தனர். நான்கின் மேலும் ஒரே வாசகம் எழுதிய கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருந்தது: “வைஃபை பழுது.” உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவருக்கு ஒரு கணினி என்ற நிலையில், நான்கு கணினிகள் அலுமாரிக்குள் உறங்குவது சிறிய விடயம் அன்று. மலர்க்குழுவினராகிய நாம் ஒரு சனிக்கிழமை அவற்றை மேசைமீது எடுத்து வைத்தோம். அன்று கற்றதைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

‘வைஃபை பழுது’ என்னும் கூற்று, நோயாளி ஒருவர் வைத்தியரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று கூறுவதைப் போன்றது. உண்மைதான், ஆயினும் அதைக்கொண்டு மருந்து கொடுத்தல் இயலாது. எம்மில் மூத்தோர், வால்வு வானொலிப் பெட்டி ஒலிக்காதவிடத்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டிய காலத்தை மறந்திரார். இன்று அத்தட்டுக்கு ஈடானது, கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்குவது. அதற்கும் மேலே போனால், இயங்குதளம் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுவது. தட்டினால் சிலவேளை வானொலி பாடியது போல, இதனாலும் சிலவேளை பயன் உண்டு. ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த கிழமை அதே குறை திரும்பி வரும்.

கம்பியில்லா இணைப்பு என்பது ஒரு பொருள் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பல படிகளின் பெயர். கணினிக்குள் வானொலி அட்டை ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வட்டையை இயக்கும் மென்பொருள் வேண்டும். அதன் ஆளி திறந்திருத்தல் வேண்டும். அருகேயுள்ள ரவுட்டரின் அலை காதில் விழவும், கடவுச்சொல் ஏற்கப்படவும் வேண்டும். பின் ரவுட்டர் கணினிக்கு ஓர் எண்முகவரி வழங்க வேண்டும். ரவுட்டருக்கு அப்பால் உலகத்துக்கு வழி இருத்தல் வேண்டும். ஈற்றில், நாம் எழுதும் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருவோர் ஒருவர் வேண்டும். இவற்றுள் எது அறுந்தாலும் திரையின் மூலையிலுள்ள விசிறிக் குறி பெரும்பாலும் ஒன்றையே காட்டும். கட்டளை வரியின் சிறப்பு, ஒவ்வொரு படியையும் தனித்தனியே வினவ இடந்தருவதே. ‘ரெர்மினல்’ என்னும் கரிய சாளரத்தைத் திறந்து ஒரு வரி எழுதினால் அது ஒரு விடை தரும். கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகின்றோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்டுதல் வேண்டும். சிலவற்றுக்கு முன்னே ‘சூடோ’ என்னும் சொல்லைச் சேர்த்து, நிர்வாகியின் அதிகாரத்தைப் பெறவும் வேண்டியிருக்கும்.

அடிப்படியிலிருந்து தொடங்குவதே முறை. நாமோ அவ்வாறு தொடங்கவில்லை என்பதை மறைக்காது சொல்லிவிடுகின்றோம். முதலாவது கணினியைக் கண்டவுடன், ‘இயங்குதளந்தான் கெட்டிருக்கும்’ என்று தீர்மானித்து, லினக்ஸை மீண்டும் நிறுவினோம். முற்பகல் முழுவதும் கழிந்தது. வைஃபை வரவில்லை. அதன் பின்னரே ‘ஆர்எஃப்கில் லிஸ்ற்’ என்னும் கட்டளையை எழுதினோம். கணினியிலுள்ள வானொலிகள் அடைக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கூறும் கட்டளை அது. அடைப்பு இருவகை. மென்பொருளால் நேர்ந்த அடைப்பாயின் ‘சொஃப்ற் புளொக்ட்’ என்னும் வரியில் ‘யெஸ்’ என்று இருக்கும். ‘ஆர்எஃப்கில் அன்புளொக் வைஃபை’ என்றெழுதி நீக்கலாம். கையால் இயக்கும் ஆளியால் நேர்ந்ததாயின் ‘ஹார்ட் புளொக்ட்’ என்னும் வரியில் ‘யெஸ்’ என்று வரும். இதனை எக்கட்டளையாலும் நீக்கல் இயலாது. எமக்கு வந்த விடை இரண்டாவது. கணினியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோது, முன்விளிம்பின் அடியில் அரிசியளவான நழுவாளி ஒன்று காணப்பட்டது. கூட வந்திருந்த பதினோராம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் நகத்தால் அதைத் தள்ளினான். விளக்கு எரிந்தது. கப்பலேறி வந்த வழியில் எங்கோ அது நழுவியிருத்தல் வேண்டும். சில மாத உறக்கமும் எமது அரைநாள் உழைப்பும் அந்நகத்தின் முன் நாணி நின்றன.

அதன் பின் ஒழுங்காகவே சென்றோம். இரண்டாவது கணினியில் முதற் கேள்வி: அட்டை உண்டா? ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளை கணினியின் உட்பலகையில் பொருந்திய கருவிகளையெல்லாம் நிரைப்படுத்தும். அதனோடு ஓர் இடைக்கோட்டையும் ‘கே’ என்னும் எழுத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு கருவியையும் எந்த இயக்கி மென்பொருள் ஆளுகின்றது என்பதையும் காட்டும். யூஎஸ்பி வழியாகச் செருகிய அட்டையாயின் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று வினவுக. இரண்டாவதில் அட்டையின் பெயர் வந்தது. இயக்கியின் பெயரும் வந்தது. ஆயினும் அட்டை ஊமையாகவே இருந்தது. இத்தகைய வேளையில் பார்க்கவேண்டியது ‘டீமெஸ்ஜி’. லினக்ஸின் கருப்பகுதி, கணினி விழித்தெழுந்த கணம் முதல் தான் கண்டதையெல்லாம் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், அஞ்ச வேண்டியதில்லை. ‘ஃபெர்ம்வெயர்’ என்னும் சொல்லைத் தேடினோம். குறித்த பெயருடைய கோப்பை ஏற்ற முடியவில்லை என்னும் முறைப்பாடு அங்கே இருந்தது.

இதனைச் சிறிது விளக்குதல் நன்று. பல வைஃபை அட்டைகள் தம்முள்ளே ஒரு சிறு கணினியைக் கொண்டவை. அச்சிறு கணினிக்குரிய நிரலை, இயக்கியானது ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அந்நிரலைச் சில சில்லு நிறுவனங்கள் பிறர் பகிர்ந்தளிக்க உரிமை கொடுப்பதில்லை. ஆதலால் லினக்ஸுடன் அது சேர்ந்து வருவதில்லை. பயன்படுத்துவோரே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளல் வேண்டும். இணையத்துக்குச் செல்லும் கருவியை எழுப்ப இணையம் வேண்டும்! கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்கக் கயிறு தேடுவது போன்ற இந்நிலையிலேயே பலர் கைவிட்டுவிடுகின்றனர். வழி எளிது. கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் கணினியோடு பொருத்தி, தொலைபேசியின் அமைப்புக்களில் ‘யூஎஸ்பி ரெதரிங்’ என்பதைத் திறந்தால், தொலைபேசியின் இணையம் வடம் வழியே கணினிக்கு வரும். ரவுட்டரிலிருந்து நேரே ஒரு வலையமைப்புக் கம்பியை இழுத்தலும் ஆம். நாம் தொலைபேசியைப் பொருத்தி, உரிய பொதியை இறக்கி நிறுவினோம். அரைமணி நேரத்தில் இரண்டாவது கணினியும் எழுந்தது.

அட்டை எழுந்தபின் அதற்குப் பெயர் உண்டா என்பதை ‘ஐபி லிங்க்’ கூறும். முன்னாளில் ‘டபிள்யூலான் பூச்சியம்’ என்றிருந்த பெயர் இன்று ‘டபிள்யூஎல்பி 3 எஸ் 0’ என்பது போல வருவதைக் கண்டு மாணாக்கர் மயங்குகின்றனர். அதிற் புதிர் ஒன்றுமில்லை. கம்பியில்லா அட்டை, பிசிஐ என்னும் தடத்தில் மூன்றாம் இலக்கம், அதிற் பூச்சியமாம் இடம் என்பதே பொருள். வீட்டு இலக்கம் போன்றதென்க.

அடுத்து, ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ற்’ என்றெழுதினால் அண்மையிலுள்ள ரவுட்டர்களின் பெயர்களும், அவை ஒலிபரப்பும் அலைவரிசைகளும் நிரையாக வரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அயலாரின் ரவுட்டரெல்லாம் தெரிய, எமது ரவுட்டர் மட்டும் தெரியாதிருத்தல் கூடும். 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் ஐக்கிய அமெரிக்காவில் வழக்கமாக 11 அலைவரிசைகளே பயன்படுகின்றன. ஐரோப்பா முதலிய பல இடங்களில் 13 வரை உண்டு. அமெரிக்க விதிக்கு அமைக்கப்பட்ட அட்டை, பதின்மூன்றாம் அலைவரிசையிற் பேசும் ரவுட்டரைக் காணாது; காதிருந்தும் அவ்வரிசைக்குச் செவிடு. ‘ஐடபிள்யூ ரெக் கெற்’ என்பது அட்டை எந்நாட்டு விதியைக் கைக்கொள்கின்றது என்பதைக் கூறும். அதனை மாற்றக் கட்டளை உண்டெனினும் சில அட்டைகள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ரவுட்டரையே 1, 6, 11 ஆகிய வரிசைகளுள் ஒன்றுக்கு மாற்றுவதே நேர்வழி என்பது எமது கருத்து. அம்மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

இணைப்பு இருந்தும் தளர்ந்திருப்பின் ‘ஐடபிள்யூ டெவ்’ என்றும், அட்டையின் பெயரையும், ‘லிங்க்’ என்றும் ஒரே வரியில் எழுதிச் சைகையின் வலுவைப் பார்க்க. கழித்தற் குறியுடன் ஓர் எண் வரும். பௌதிகவியல் மாணாக்கர்க்கு இதிற் சுவை உண்டு. ஒரு மில்லிவாற்று வலுவைப் பூச்சியமாகக் கொண்டு, வலு பத்திலொன்றாகக் குறையுந்தோறும் பத்தைக் கழிப்பது இவ்வளவை முறை. –50 நல்ல சைகை, –70 போதியது, –80 எனில் இணைப்பு அறுந்தறுந்து வரும். –50க்கும் –80க்கும் இடையே இருப்பது முப்பது அன்று, ஆயிரம் மடங்கு. இவ்வலைகளின் நீளம் ஏறக்குறைய 12 சதமமீற்றர். தடித்த சுவரும் தண்ணீர்த் தாங்கியும் அவற்றை விழுங்கும். 5 கிகாஹேட்ஸ் அலைகள் விரைவாகத் தரவைக் கொண்டுசெல்லினும் சுவரை ஊடுருவுவதில் இன்னும் மெலிந்தவை. ரவுட்டரை இரும்பு அலுமாரியின் பின்னே வைத்துவிட்டு மடிக்கணினியை வைதல் முறையாகாது.

மூன்றாவது கணினியே எமக்கு மிகுந்த பாடம் புகட்டியது. அட்டை இருந்தது, இயக்கி இருந்தது, சைகை –48 என நின்றது, விசிறிக் குறியும் நிறைந்திருந்தது. இணையப் பக்கம் ஒன்றேனும் திறக்கவில்லை. ‘ஐபி அட்ரஸ்’ என்று வினவினோம். ‘192.168’ என்று தொடங்கும் முகவரி இருந்தது. ஆகவே ரவுட்டர் முகவரி வழங்கியிருக்கின்றது. (விண்டோஸில் இவ்விடத்தில் ‘169.254’ என்று தொடங்கும் எண் வந்தால், எவரும் முகவரி வழங்காமையால் கணினி தானே ஒன்றைச் சூடிக்கொண்டது என்பது பொருள்.) ‘ஐபி ரூட்’ என்பது, ‘டிஃபோல்ற்’ எனத் தொடங்கும் வரியில் ரவுட்டரின் முகவரியைக் காட்டியது.

இனிப் ‘பிங்’. இச்சிறு கட்டளையை மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசெம்பரில் எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. ‘நீ அங்கு உளையா?’ என்று வினவி, விடை வர எத்தனை மில்லிசெக்கன் சென்றது என்று கூறும், வேறொன்றும் செய்யாது. அதனை மூன்று முறை, மூன்று தூரத்துக்கு ஏவுதல் வேண்டும். முதலில் ரவுட்டருக்கு ஏவினோம், விடை வந்தது. அடுத்து 8.8.8.8 என்னும் முகவரிக்கு, அதாவது கூகிள் நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் பொதுப் பெயர்ச்சேவைக்கு ஏவினோம், விடை வந்தது. ஆகவே உலகத்துக்கு வழி உண்டு. மூன்றாவதாக எண்ணை விடுத்து ஓர் இணையத்தளத்தின் பெயரை எழுதினோம். பெயரை அறியேன் என்றது.

கணினி உலகத்தை அடைந்துவிட்டது. பெயர் சொல்லி அழைக்கத்தான் தெரியவில்லை. ‘இடிசி’ என்னும் கோப்புறையிலுள்ள ‘ரிசோல்வ் டொட் கொன்ஃப்’ என்னும் கோப்பைத் திறந்து பார்த்தோம். லினக்ஸை நிறுவி அனுப்பிய அன்பர், தமது வீட்டுப் பெயர்ச்சேவைக் கருவியின் முகவரியைத் தம் கையாலேயே எழுதி, வேறெதுவும் அதை அழிக்காதவாறு பூட்டியும் வைத்திருந்தார். அவர் வீட்டில் அது நன்றாகவே வேலை செய்திருக்கும். இங்கே அம்முகவரியில் எவரும் இல்லை. பூட்டை நீக்கி, ரவுட்டர் தரும் முகவரியையே ஏற்குமாறு மாற்றினோம். பக்கங்கள் திறந்தன. பழுது என்று ஒதுக்கப்பட்ட யந்திரத்தில் ஓர் ஆணியேனும் கழன்றிருக்கவில்லை.

விண்டோஸ் வைத்திருப்போர்க்கும் இம்முறையே பொருந்தும். சொற்கள் மாத்திரம் வேறு. ‘நெற்எஸ்எச் டபிள்யூலான் ஷோ இன்ரர்ஃபேசஸ்’ அட்டையின் நிலையையும் சைகையின் விழுக்காட்டையும் தரும். ‘ஐபிகொன்ஃபிக்’ முகவரியைத் தரும். ‘பிங்’ அங்கும் பிங்கே. ‘என்எஸ்லுக்அப்’ பெயர்ச்சேவையைச் சோதிக்கும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் கூறுவோம். விடை விளங்காதவிடத்து அதனைப் படமெடுத்து அறிந்தோர்க்கு அனுப்புதல் நல்ல வழக்கமே. ஆயினும் சில கட்டளைகள் வைஃபை கடவுச்சொல்லையும் ஒளிவின்றிக் காட்டும். அவ்வரியை மறைத்தபின்னரே அனுப்புக.

நான்காவது கணினியில் ‘எல்எஸ்பிசிஐ’ நிரையிலும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ நிரையிலும் வைஃபை அட்டையின் பெயரே இல்லை. அடித்தகட்டைக் கழற்றி அட்டையை எடுத்துத் துடைத்து மீண்டும் பொருத்தியும் வரவில்லை; அது மெய்யாகவே இறந்துவிட்டது. மூன்று கணினிகளும் அன்று மாலையே மாணாக்கர் மேசைக்குச் சென்றன. நான்காவதன் மேலிருந்த துண்டைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினோம்: “உள்ளட்டை இல்லை. யூஎஸ்பி வைஃபை அட்டை ஒன்று வேண்டும். மற்றவை நன்று.” மறு கிழமை, அதனை வாசித்த பழைய மாணவர் ஒருவர் பெருவிரலளவான அட்டை ஒன்றை வாங்கிவந்து கொடுத்துச் சென்றார்.