குதிரை திடீரென்று பின்காலை நொண்டுதல்

திண்டுக்கல்லில் இரயில் நிலையத்திற்கும் ஊருக்கும் ஜட்காக்கள் ஓடிய காலத்தில், குதிரையின் கால் குணம் அறிந்த வண்டிக்காரர்கள் பலர் இருந்தனர். இன்று சமவெளிக் கிராமங்களில் குதிரைகள் மிகச் சில. நோய் கண்டால் கேட்டறிவதற்கு அண்டையில் ஆளும் அரிது. ஆகையால் சங்க அங்கத்தினர்களில் குதிரை வைத்திருப்போர் இதைத் தாமே தெரிந்துகொள்ளுதல் நலம்.

முதல்நாள் மாலை நன்றாக ஓடிய குதிரை மறுநாள் காலையில் பின்காலை ஊன்றமாட்டாமல் நின்றால், நடந்தால் சரியாகிவிடும் என்று அதை நடத்திப் பார்ப்பதே வழக்கம். சில வேளைகளில் இது அதன் உயிருக்கே கேடாக முடியும். நடத்துமுன் சிலவற்றைப் பார்க்கவேண்டும்.

முதலாவது குளம்பு. பின்கால் நொண்டினால் இடுப்பிலோ தொடையிலோ சுளுக்கு என்று முடிவு செய்து, எண்ணெய் தேய்ப்போரும் சூடு போடுவோரும் உண்டு. குளம்பினுள் சீழ் கட்டினால் வீக்கம் காலில் மேலேறுவதால் இம்மயக்கம் நேரிடுகிறது. சூட்டினால் ஆவது இரண்டாவது புண்ணேயன்றி வேறில்லை. சீமைக் கருவேல முள்ளோ துருப்பிடித்த ஆணியோ தைத்திருக்கலாம். லாடம் அடித்துச் சில நாட்களே ஆகியிருப்பின் லாட ஆணி உள்தசையில் பட்டிருக்கலாம். நோயுற்ற குளம்பு மற்றதைவிடச் சூடாயிருக்கும். கணுவின் இருபுறமும் விரல் வைத்தால் நாடி துள்ளும். குறட்டால் மெல்ல அழுத்தினால் அவ்விடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கும். மிருக வைத்தியர் லாடத்தைக் கழற்றி, சீழ் வடிய வழி செய்துவிட்டால், அநேகமாக ஓரிரு நாட்களில் குதிரை காலை ஊன்றும்.

உள்ளங்குளம்பின் மத்தியிலுள்ள முக்கோண மெத்தையில் ஆணி ஆழமாக ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது. அது சென்ற திசையையும் ஆழத்தையும் வைத்தியர் காணவேண்டும். அதுவரை குதிரையை அசையவிடாமல் நிறுத்துக. காயத்தில் சாணம் அப்புதல் பெருந்தீங்கு. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமி, வீட்டுப் பிராணிகள் யாவற்றினும் குதிரையையே எளிதில் பற்றும். ஜப்பானியரான கிடசாட்டோ 1889-இல் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டில் அவரும் பேரிங் என்பவரும் இதற்கு முறிவு மருந்து கண்டனர். தாடை இறுகியபின் குதிரையைப் பிழைக்க வைப்பது அரிது. முன்னதாகத் தடுப்பு ஊசி போடுவதோ எளிது.

இரண்டாவது, நடத்தவே கூடாத நோய். ஓய்வு நாளிலும் கொள்ளைக் குறைக்காமல் வைத்து, மறுநாள் வண்டியில் பூட்டினால், சிறிது தூரம் சென்றதுமே குதிரைக்கு வியர்த்து, பின்கால்கள் விறைத்து, புட்டத்துத் தசை பலகைபோல் கெட்டியாகும். சிறுநீர் காப்பி நிறமாக இறங்கும். ஞாயிறன்று ஓய்ந்த குதிரைகளுக்கு நேர்வதால் ஐரோப்பியர் இதைத் திங்கட்கிழமை நோய் என்றனர். தசை சிதைந்து அதன் சாயம் சிறுநீரகத்தை அடைப்பதே ஆபத்து. ஒவ்வோர் அடியும் சிதைவைப் பெருக்கும். ஆகவே வீடு அரைமைல் தூரமே என்றாலும், நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்து, நிழல் செய்து, தண்ணீர் காட்டி, வைத்தியரை அங்கு வரவழைக்க வேண்டும். ஓய்வு நாளில் கொள்ளைப் பாதிக்கு மேல் குறைத்து, புல்லை மிகுத்தால் பெரும்பாலும் இது வராது.

பின்கால் மடங்காமல் பின்னோக்கி நீட்டி, குளம்பின் நுனி தரையில் இழுபட்டால், அது முழங்கால் சில்லு மேலேறிச் சிக்கிக்கொண்டதன் அடையாளம். இதில் மட்டும் குதிரையை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவதால் கால் விடுபடலாம். உழவு மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இது நேரிடுகிறது. அடிக்கடி சிக்கினால், உட்புறத் தசைநார் ஒன்றை வைத்தியர் சில நிமிடங்களில் அறுத்துக் குணப்படுத்துவார்.

தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். சொல்லும்போது லாடம் அடித்த நாள், முந்தின நாள் வைத்த தீனி, சிறுநீரின் நிறம் ஆகிய மூன்றையும் தவறாது சொல்க.