டெல் டி150-ஆ, டி350-ஆ? பழனி லாட்ஜ்காரங்களுக்கு ஒரு கணக்கு

"சார், 2 சர்வர் கொட்டேஷன் கையில இருக்கு, 60,000 ரூபாய் வித்தியாசம், எதை வாங்க?" அடிவாரத்துல லாட்ஜ் வெச்சிருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

டெல் பவர்எட்ஜ் டி150, டி350 இரண்டுமே 2021-ல் வந்தவை. அடுத்த தலைமுறை வந்தாச்சு, ஆனா கணக்கு போடற முறை அதேதான். இரண்டிலும் ஒரே இன்டெல் ஜியான் இ-2300 வரிசை பிராசசர்தான், ரேமும் 128 ஜிபி வரைதான். அதனால வேகத்துக்காக டி350 வாங்க வேண்டாம். கூடுதல் காசு எதுக்குன்னா, ஓடிட்டு இருக்கும்போதே ஹார்ட் டிஸ்க் மாத்தலாம், இரண்டாவது பவர் சப்ளை போடலாம். டி150-ல் இந்த இரண்டும் கிடையாது. டிஸ்க் போனா மெஷினை நிறுத்திட்டுத்தான் மாத்தணும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு செலவு எதிலும் குறையாது, 8 கோர் இருந்தாலும் குறைந்தபட்சம் 16 கோருக்கு லைசென்ஸ் வாங்கணும்.

இப்போ வரி. உதாரணத்துக்கு விலை 1,00,000, 1,60,000-னு வெச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி. ஐடிசி எடுக்கிற மொத்த வியாபாரிக்கு வித்தியாசம் 60,000தான். ஆனா 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரைக்குமான ரூம் வாடகைக்கு 5%, ஐடிசி கிடையாது. பழனியில பெரும்பாலான லாட்ஜ் இதுக்குள்ளதான் வரும். அதனால உங்களுக்கு உண்மையான வித்தியாசம் 70,800. பலரும் இதைக் கவனிக்கிறதே இல்லை.

அந்த ஜிஎஸ்டியையும் சேர்த்து 40% தேய்மானம் போடலாம். முதல் வருஷம் 28,320. நீங்க 30% வரி கட்டுறவரா இருந்தா 8,496 மிச்சம் (செஸ் தனி). ஆனா தைப்பூசத்துக்காக டிசம்பர்ல வாங்கினா 180 நாள் ஆகாது, அந்த வருஷம் பாதி தேய்மானம்தான்.

என் கருத்து: ராத்திரி பூட்டிட்டுப் போற கடைக்கு டி150 தாராளம், மிச்சக் காசை பேக்கப்புக்குப் போடுங்க. 24 மணி நேரமும் செக்-இன் நடக்கிற, 2 கவுன்டர் உள்ள லாட்ஜுக்கு டி350. பங்குனி உத்திரத்தன்னிக்கு பில்லிங் நின்னா வரிசையில நிக்கிற குடும்பம் பக்கத்து லாட்ஜுக்குப் போயிடும். ஒண்ணு மட்டும், இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யூபிஎஸ்ல சொருகிடாதீங்க, அந்த யூபிஎஸ் போனா இரண்டும் சேர்ந்தே போயிடும்.

கொட்டேஷன்ல ஜிஎஸ்டி, லைசென்ஸ், வாரண்டி மூணையும் தனித்தனி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. உங்க ரூம் வாடகையை கமென்ட்ல போடுங்க, ஐடிசி உண்டா இல்லையான்னு சொல்றேன்.