ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

திருவனந்தபுரத்தில் ரயிலைவிட்டு இறங்கித் தம்பானூர் பக்கம் வெளியே வருகிறவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியாமல் இருக்காது. செங்கல் நிறத்தில், சுருள் சுருளாக மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகும். அந்தச் சரிவின் ஓரமாகவே மேஜைகளும் இருக்கைகளும் வரிசையாக இருக்கும். சுவரெங்கும் ஓட்டைகள். வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகவே வந்து போகும்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காத்திருக்கும் நேரத்தில் அங்கே உட்கார்ந்து காபி குடித்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்கிறவர்கள் குறைவு. அவர் பெயர் லாரி பேக்கர். பிறப்பால் ஆங்கிலேயர். இறக்கும்போது இந்தியக் குடிமகன். இந்த நாட்டின் மேல் ஆசைப்பட்டு, இங்கே ஒரு வீடு தேடி, கடைசியில் தன் கையாலேயே அதைக் கட்டிக்கொண்டவர்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, வாடகை வீடுகளில் காலம் தள்ளும் நமக்கு அவர் கதையில் பாடம் இருக்கிறது.

கப்பலுக்குக் காத்திருந்தவர்

பேக்கர் 1917-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை படித்துத் தேறினார். சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் ஆயுதம் எடுப்பதில்லை. ஆகவே மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்கும் பணி செய்தார்.

சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மும்பையில் கப்பலுக்காகச் சில மாதம் காத்திருக்க நேர்ந்தது. அந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் காலில் கிடந்தது கந்தைத் துணியால் செய்த காலணி. அதுவே காந்திஜியின் கவனத்தை இழுத்தது. பேச்சு வீடுகள் பற்றித் திரும்பியது. ஒரு நல்ல வீடு என்றால், அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அந்த ஒரு கருத்தை பேக்கர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

கப்பல் வந்தது. ஊருக்குப் போனார். ஆனால் 1945-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார்.

பங்களா வேண்டாம்

வந்தது ஒரு தொழுநோய் ஒழிப்பு மிஷனின் கட்டட நிபுணராக. புதிய மருந்துகள் வந்து, தொழுநோய் குணமாகும் என்ற நிலை ஏற்பட்ட காலம் அது. நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய காப்பகங்களை மருத்துவமனைகளாக மாற்றுவது அவர் வேலை.

இங்கே வெள்ளைக்கார மிஷனரிகள் பெரிய பங்களாக்களில், வேலைக்காரர்கள் சூழ வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கை பேக்கருக்குப் பிடிக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஃபைசாபாத்தில் பி.ஜே. சாண்டி என்ற கேரள டாக்டரின் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டார். ஆங்கிலேயர் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் ஓர் ஆங்கிலேயர் அப்படிச் செய்தது சின்ன விஷயம் அல்ல.

சாண்டியின் சகோதரி எலிசபெத்தும் டாக்டர். இருவருக்கும் மனம் ஒத்தது. இரு குடும்பங்களிலும் தயக்கம் இருந்தது. அவசரப்படாமல் காத்திருந்து 1948-ல் மணம் செய்துகொண்டார்கள். நாடு விடுதலை பெற்று மற்ற ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் இங்கே குடும்பஸ்தர் ஆனார்!

மலையில் படித்த பாடம்

புதுமணத் தம்பதிகள் இமயமலைப் பக்கம் பித்தோராகட்டுக்குப் போனார்கள். வந்திருப்பவர் டாக்டர் என்று தெரிந்ததும் மலை மக்கள் வைத்தியத்துக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை விட்டுவிட்டுப் புறப்பட மனமில்லை. உல்லாசமாகச் சில நாள் தங்கப் போனவர்கள் பதினைந்து ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார்கள். மலைச் சரிவில் வீடும் மருத்துவமனையும் எழுப்பினார்கள். மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் கட்டினார்.

பர்மிங்ஹாமில் படித்த பாடம் அங்கே உதவவில்லை. மண், சாணம், கறையான், கொட்டும் மழை இவை எதுவும் அந்தப் புத்தகங்களில் இல்லை. பித்தோராகட்டின் கிராமத்தார் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய வீடுகள் தலைமுறை தலைமுறையாக நின்றன. பட்டம் பெற்றவர் எழுத்தறியாத கொத்தனாரிடம் மாணவராக உட்கார்ந்தார். குடியேறும் ஊரில் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

1963-ல் தெற்கே வந்தார்கள். கேரளத்தில் வாகமண் மலையூரில் சில ஆண்டுகள். பிறகு திருவனந்தபுரம். மூன்றாவது முறையாக வீடு தேட வேண்டியதாயிற்று. பேக்கருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

பாறையில் ஓர் அறை

நகருக்கு வெளியே நாலாஞ்சிறையில் அவருக்குக் கிடைத்த இடம் பாறையும் செங்குத்துச் சரிவுமாக இருந்தது. வீடு கட்ட லாயக்கில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கும் நிலம். அவர் பாறையை வெடி வைத்துச் சமன் செய்யவில்லை. சரிவோடு ஒட்டி முதலில் ஓர் அறை போட்டார். தேவை வந்தபோது இன்னொன்று. கையில் பொருள் சேர்ந்தபோது மற்றொன்று. பழைய வீடுகளை இடித்தபோது கிடைத்த மரச் சாமான், உடைந்த ஓடு, காலி பாட்டில் எல்லாம் சுவரில் இடம் பிடித்தன. இப்படி ஆண்டுக்கணக்கில் வளர்ந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘ஹாம்லெட்’. சிற்றூர் என்று பொருள்.

கையில் லட்சங்கள் சேர்ந்தால்தான் வீடு என்று காத்திருந்து காத்திருந்து ஓய்வு பெறும் வயதை எட்டிவிடுகிறோம். ஓர் அறையில் தொடங்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

செங்கல் கணக்கு

1971-ல் உள்ளூர் பகுதியில் பொருளாதார ஆராய்ச்சி நிறுவனமான சி.டி.எஸ். கட்டடங்களை பேக்கர் எழுப்பினார். அப்போது முதலமைச்சர் அச்சுத மேனன். நிறுவனத்தை உருவாக்கியவர் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ். பின்னர் 1985-ல் இவர்களோடு சேர்ந்து ‘காஸ்ட்ஃபோர்டு’ என்ற அமைப்பையும் பேக்கர் தொடங்கினார்.

செலவைக் குறைக்க அவர் கையாண்ட வழிகளில் மந்திரம் ஏதும் இல்லை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஆகும் செங்கல்லில் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். வெற்றிடம் இருப்பதால் வெயிலின் சூடும் உள்ளே அதிகம் இறங்காது.

கான்கிரீட் கூரையின் அடிப்பாகம் பாரம் தாங்குவதில் அதிகப் பங்கு எடுப்பதில்லை. அங்கே கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓட்டைப் பதித்தார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன. கூரையின் எடையும் குறைந்தது. ஜன்னலுக்கு மரமும் கண்ணாடியும் கம்பியும் வேண்டும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்று வரும், வெளிச்சம் வரும், செலவு வராது. சுவருக்குப் பூச்சும் கிடையாது. நல்ல செங்கல்லை ஏன் மூடி மறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பொறியாளர்களும் காண்டிராக்டர்களும் சந்தேகப்பட்டார்கள். பூசாத சுவர் என்றால் பாதியில் நின்ற வீடு, பணம் இல்லாதவன் வீடு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ‘ஏழைகளுக்கான மலிவு வீடு’ என்ற பேச்சு பேக்கருக்குப் பிடிக்காது. வீண் செலவைக் குறைப்பது பணக்காரருக்கும் பொருந்தும் என்பார். ஆர்ச்பிஷப்புக்கும் கட்டிக் கொடுத்தார், மீனவர்களுக்கும் கட்டிக் கொடுத்தார்.

குடியுரிமை கடைசியில்தான்

இத்தனைக்கும் சட்டப்படி அவர் வெகு காலம் வெளிநாட்டவர். இந்தியக் குடியுரிமை கைக்கு வந்தது 1980-களின் கடைசியில். வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1990-ல் பத்மஸ்ரீ விருது. 2007 ஏப்ரல் 1-ந் தேதி திருவனந்தபுரத்திலேயே காலமானார். வயது 90.

காகிதம் வரட்டும், பிறகு இந்த ஊரை என் ஊர் என்று சொல்கிறேன் என அவர் காத்திருக்கவில்லை.

நம் நிலைமை என்ன?

நாம் வந்திருப்பது வெளிநாடு அல்ல. பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். 1956 நவம்பர் 1-ந் தேதி வரை நாகர்கோவிலும் தக்கலையும் திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. எல்லைக் கோடு மாறியதும் ஒரே இரவில் அந்த ஊர்க்காரர்கள் இங்கே வெளி மாநிலத்தார் ஆனார்கள்.

அப்படியிருந்தும் வீடு தேடிப் போனால் கேள்விகள் குறைவதில்லை. நான் வாடகைக்கு வீடு பார்த்த காலத்தில் ஒரு வீட்டுக்காரர், “தமிழரா? எத்தனை மாதம் இருப்பீர்கள்?” என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதே கேள்வியை நாமும் நமக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இருபது ஆண்டு இங்கே வேலை பார்த்தவரும் ‘அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவேன்’ என்கிறார். ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே வாழும் வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் மனம் வருவதில்லை. அங்கேயும் குடியில்லை, இங்கேயும் குடியில்லை!

ஊரை மறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சும் பொங்கலும் குலதெய்வமும் நம்மோடு இருக்கட்டும். மாதச் சம்பளக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இங்கே நிலம் வாங்குவது சுலபம் என்றும் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதி எங்கே கழிகிறதோ அங்கேயுள்ள மண், மழை, மனிதர்களைப் படித்துக்கொள்ளக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருடன் பழகவும், பிள்ளைகள் மலையாளமும் தமிழும் இரண்டையும் எழுதப் படிக்கக் கற்கவும் யாருடைய அனுமதியும் வேண்டாம்.

காந்தியடிகள் சொன்ன ஐந்து மைல், செங்கல்லுக்கும் மண்ணுக்கும் சொன்னது. நம்மைச் சுற்றியுள்ள ஐந்து மைலில் நமக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை, நம் சுகதுக்கத்துக்கு வருகிற வீடுகள் எத்தனை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தால், கட்டட வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான்.