55ஆம் எண் கார்

1991 ஜூன் 23, ஞாயிறு நண்பகல் தாண்டிய நேரம். பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் முடிய இன்னும் சுமார் மூன்று மணி நேரம். பல சுற்றுகள் முன்னிலையில் இருந்த மெர்சிடிஸ் சி11 எஞ்சின் கொதித்துப்போய் நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு வந்தது ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் மாஸ்டா 787பி. 19ஆவது இடத்திலிருந்து புறப்பட்ட கார் அது.

அதன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. அறைக்குள் முக்கோண வடிவ ரோட்டர் சுழல, எரிபொருள் எரிந்து சக்தி பிறக்கும். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் 1960களில் ஹிரோஷிமாவின் மாஸ்டா பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்திய எஞ்சின் இது. ரோட்டரின் முனையில் உள்ள சீல்கள் அறைச் சுவரைக் கீறி வரிவரியாகத் தடம் பதித்தன. 'பிசாசின் நகக்கீறல்' என்று அவர்கள் அதைச் சொன்னார்கள். கெனிச்சி யமமோட்டோவின் குழு விடாமல் முயன்று அதைத் தீர்த்த பிறகே 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

சீல் பிரச்சினை தீர்ந்தும், பெட்ரோலைக் குடிக்கும் எஞ்சின் என்ற கெட்ட பெயர் போகவில்லை. லெ மானிலோ அப்போது எரிபொருளுக்கு உச்சவரம்பு இருந்தது. அதனால் 787பியின் நான்கு ரோட்டர்கள் கொண்ட 2.6 லிட்டர் ஆர்26பி எஞ்சினில் ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக்குகள் வைத்தார்கள். எஞ்சினின் வேகத்துக்கேற்ப நீளம் மாறும் காற்றுக்குழாயும் பொருத்தினார்கள். சுமார் 700 குதிரைசக்தி கிடைத்தது, எரிபொருளும் கட்டுக்குள் வந்தது. சட்டகத்தை வடிவமைத்தவர் நைஜல் ஸ்ட்ரவுட். லெ மானை ஆறு முறை வென்ற ஜாக்கி இக்ஸ் ஆலோசகராக இருந்தார்.

பந்தய விதியும் கைகொடுத்தது என்பது உண்மை. ஜாகுவார், மெர்சிடிஸ் கார்கள் 1,000 கிலோ இருக்க வேண்டியிருந்தது. மாஸ்டாவுக்கு 830 கிலோ போதுமானதாக இருந்தது. அணித் தலைவர் ஒஹாஷி வாதாடிப் பெற்ற சலுகை அது. ஆனால் அதை வைத்து மாஸ்டாவின் வெற்றியைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. மாஸ்டா இறக்கிய மூன்று கார்களும் பந்தயத்தை முடித்து 1, 6, 8 ஆகிய இடங்களைப் பிடித்தன. எடைச் சலுகை மட்டும் ஒரு காரை 24 மணி நேரம் பழுதின்றி ஓடவைத்துவிடாது.

55ஆம் எண் காரை வெய்ட்லர், கஷோ, ஹெர்பர்ட் மூவரும் மாறி மாறி ஓட்டி 362 சுற்றுகளை முடித்தனர். இரண்டாவதாக வந்த ஜாகுவார் இரண்டு சுற்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றிக் காரைவிட்டு இறங்கியதும் சரிந்தார். மருத்துவர்களிடம் கொண்டுசெல்லப்பட்டதால் வெற்றி மேடையில் அவரால் நிற்க முடியவில்லை.

ஜப்பானிய நிறுவனம் ஒன்று லெ மானை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த வெற்றியை 2018இல் டொயோட்டா பெற்றுத் தந்தது.